பறங்கி நோய் சொல்லும் பாடம்

மாத்தளை மாவட்டப் பெற்றோர் அனைவரின் கவனத்திற்கும்.

பாடசாலையில் சிரங்கு பரவினால், "எந்த வீட்டுப் பிள்ளை கொண்டு வந்தது?" என்ற பேச்சும் கூடவே பரவுகிறது. இது பழைய பழக்கம். நம் நாட்டில் ஒரு தோல் நோய்க்குப் பெயரே அப்படித்தான் வந்தது.

போர்த்துக்கீசரைப் பறங்கியர் என்றார்கள். அந்நியர் கொண்டு வந்த நோய் என்று நம்பி, பறங்கி என்றே அதற்கும் பெயர் வைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் தம்புள்ளைக்கு வடக்கே, நுவரகலாவிய, வன்னிக் கிராமங்களை இது வாட்டியது. உடைந்த குளங்கள், கெட்ட தண்ணீர், பசி. உடம்பெல்லாம் புண், முற்றினால் எலும்பையும் கெடுக்கும். அதிகம் பிடித்தது சிறு பிள்ளைகளைத்தான். அரசின் தலைமை வைத்திய அதிகாரி கின்சி 1881இல் இதைப் பற்றித் தனி அறிக்கையே எழுதினார். காரணம் மட்டும் பிடிபடவில்லை.

1905இல் கொழும்பில் பணியாற்றிய இத்தாலிய வைத்தியர் அல்டோ கஸ்டெல்லானி, நோயாளிகளின் புண்ணில் சுருள் வடிவக் கிருமி ஒன்றைக் கண்டார். புண் நீர் அடுத்தவரின் கீறல் பட்ட தோலில் பட்டாலே அது தொற்றும். இனமோ, சாபமோ, பரம்பரையோ காரணமல்ல.

பென்சிலின் வந்த பிறகு ஒரே ஊசியில் குணமாக்க முடிந்தது. 1952 முதல் 1964 வரை உலக சுகாதார ஸ்தாபனமும் யுனிசெப்பும் 46 நாடுகளில் சுமார் 5 கோடிப் பேருக்கு மருந்து கொடுத்தன. அதன் வெற்றிக்குக் காரணம், புண் உள்ளவருக்கு மட்டுமல்லாமல் அவரோடு பழகியவர்களுக்கும் ஊசி போட்டதுதான். பின்னர் கவனம் தளர்ந்த சில நாடுகளில் நோய் திரும்பி வந்தது.

இன்றைய சிரங்குக்கும் இதே பாடம்தான். சிரங்கு கண்ணுக்கு எளிதில் தெரியாத சிற்றுண்ணியால் வருவது. முதன்முறை தொற்றியவருக்கு அரிப்புத் தொடங்க 4 முதல் 6 கிழமைகள் செல்லலாம். அதற்குள் அவர் மற்றவருக்குக் கொடுத்துவிடுவார். அதனால் ஒரு பிள்ளைக்கு மட்டும் மருந்து பூசிப் பயனில்லை. வைத்தியர் சொன்னபடி, அரிப்பு இல்லாதவர் உட்பட வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் பூச வேண்டும். உடுப்பு, படுக்கை விரிப்பு, துவாய், பர்தா எல்லாவற்றையும் சுடுநீரில் கழுவி வெயிலில் காயப் போடுங்கள். ஒருவர் துவாயை மற்றவர் பாவிக்க வேண்டாம்.

முக்கியமாக, மறைக்காதீர்கள். வகுப்பாசிரியரிடம் தனியாகச் சொல்லுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். பிள்ளைக்குப் பட்டப்பெயர் வைக்க யாரையும் விடாதீர்கள். வெட்கப்பட்டு மறைக்கும் வீட்டில்தான் நோய் நீண்ட நாள் தங்குகிறது.

நம் பிள்ளைகளுக்கு அல்லாஹ் நல்ல சுகத்தைத் தருவானாக.