பில் புத்தகத்திலிருந்து இ-இன்வாய்ஸ் வரை

சரக்கை விற்பவர் எழுதிக் கொடுப்பதே பில். அதற்கு எண் போடுவதும் அவரே. கார்பன் தாள் வைத்த பில் புத்தகம் போய்க் கணினி வந்த பிறகும் இந்த வழக்கம் மாறவில்லை. 2020 அக்டோபர் 1 அன்றுதான் இந்தியாவில் அது மாறியது. ஆண்டு விற்றுமுதல் 500 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்கள், இன்னொரு வணிகருக்குப் போடும் ஒவ்வொரு பில்லையும் அரசின் இணையதளத்தில் பதிந்து எண் பெற வேண்டும் என்று கட்டாயமாக்கப்பட்டது. இதுவே மின்னணு விலைப்பட்டியல். வணிகர்கள் சொல்வது இ-இன்வாய்ஸ்.

இதன் வேர் பழையது. மதுவிலக்கால் குறைந்த வருவாயை ஈடுகட்ட, சென்னை மாகாணத்தில் ராஜாஜியின் அமைச்சரவை 1939இல் பொது விற்பனை வரியைக் கொண்டு வந்தது. அந்த வரியில் பில்லால் வாங்குபவருக்குப் பெரிய லாபம் எதுவும் இல்லை. பில் இல்லாமல் வாங்கினால் விலை குறையும் என்றால் அவர் ஏன் கேட்கப் போகிறார்? 2007 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் மதிப்புக் கூட்டு வரி வந்ததும் நிலைமை தலைகீழானது. வாங்கும்போது கட்டிய வரியை, விற்கும்போது கட்ட வேண்டிய வரியில் கழித்துக் கொள்ளலாம். அதற்குச் சான்று பில். அதாவது பில்லே பணமாகிவிட்டது. பணமானால் கள்ளப் பணமும் வரும் அல்லவா? சரக்கே நகராமல் பில்லை மட்டும் விற்கும் தொழிலும் வளர்ந்தது.

2017 ஜூலை 1 அன்று தொடங்கிய சரக்கு மற்றும் சேவை வரியில், விற்றவர் கணக்கையும் வாங்கியவர் கணக்கையும் பில் பில்லாக ஒப்பிட்டுப் பார்க்கத் திட்டம் இருந்தது. அது பாரம் தாங்காமல் அந்த ஆண்டு இறுதியிலேயே நிறுத்தி வைக்கப்பட்டது. மாதக் கடைசியில் ஒப்பிடுவதைவிட, பில் பிறக்கும்போதே பதிந்துவிடலாம் என்பது அடுத்த யோசனை. சிலி நாட்டில் மின்னணு பில் 2003லேயே தொடங்கியிருந்தது. இத்தாலி 2019 ஜனவரியில் வணிகர்களுக்குக் கட்டாயமாக்கியது. இந்தியாவில் ஜி.எஸ்.டி. கவுன்சில் 2019 செப்டம்பரில் இதற்கான படிவத்தை ஏற்றது. 2020 ஏப்ரலில் தொடங்க இருந்தது அக்டோபருக்குத் தள்ளிப் போனது.

அரசே பில் போட்டுத் தருகிறது என்று பலர் நினைத்தார்கள். அது தவறு. பில்லை வணிகர்தான் தன் கணினியில் தயாரிக்கிறார். அந்த விவரம் பதிவுத் தளத்துக்குப் போகிறது. சரியாக இருந்தால் 64 எழுத்து கொண்ட ஓர் எண்ணும் கியூ.ஆர். கோடும் திரும்பி வருகின்றன. தவறானதை 24 மணி நேரத்துக்குள் அங்கே ரத்து செய்யலாம். ஆனால் அதே பில் எண்ணை மறுபடி பயன்படுத்த முடியாது.

500 கோடி நிறுவனங்களுக்கு இது சிரமமல்ல. அவர்களிடம் கணினித் துறையே இருந்தது. ஆனால் வரம்பு இறங்கிக்கொண்டே வந்தது. 2021 ஜனவரியில் 100 கோடி, ஏப்ரலில் 50 கோடி, 2022 ஏப்ரலில் 20 கோடி, அக்டோபரில் 10 கோடி, 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடி. மூன்றே ஆண்டில் நூறில் ஒரு பங்கு! 5 கோடி என்பது கேட்கப் பெரிதாக இருக்கும். நூறு ரூபாய்க்கு இரண்டு ரூபாய் லாபம் பார்க்கும் ஒரு மொத்த வியாபாரிக்கு அதில் மிஞ்சுவது ஆண்டுக்குப் பத்து லட்சம்தான். அந்தக் கடையில் கணக்கு எழுத ஒருவர் இருந்தாலே அதிகம்.

அவர்கள் தயாராக வேண்டியிருந்தது மென்பொருளால் மட்டுமல்ல. தேசியத் தகவலியல் மையம் எக்செல் கருவியையே இலவசமாகத் தந்தது. உண்மையான வேலை பழைய கணக்கில் கிடந்தது. வாடிக்கையாளரின் பதிவு எண் ஓரெழுத்து பிசகியிருக்கும். பின்கோடு வேறு மாநிலத்துடையதாக இருக்கும். பொருளுக்கு ஆறு இலக்கக் குறியீடு இருக்காது. இரண்டு கிளைகள் ஒரே பில் எண்ணைப் போட்டுக் கொண்டிருக்கும். மனிதர் கண்டுகொள்ளாத இவற்றை இயந்திரம் திருப்பி அனுப்பிவிடும். எண் கிடைக்கும்வரை ஏற்றிய லாரி வாசலில் நிற்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. 2017-18 முதல் ஏதாவது ஓர் ஆண்டில் வரம்பைத் தாண்டியிருந்தால் போதும், விதி பொருந்தும். 2018இல் நன்றாக ஓடி, கொரோனாவில் பாதியாகச் சுருங்கிய கடைக்கும் இதில் விலக்கில்லை. எண் வாங்க வேண்டியவர் வாங்காமல் கொடுத்த பில், சட்டப்படி பில்லே அல்ல. அபராதம் விற்றவருக்கு என்றாலும், வரியைக் கழிக்க முடியாமல் சிக்குவது வாங்கியவர். ஆகவே அதிகாரி வருவதற்கு முன்பே, பெரிய நிறுவனங்கள் தங்களுக்குச் சரக்கு தருபவர்களிடம் விற்றுமுதல் எவ்வளவு என்று எழுதி வாங்கத் தொடங்கின. விதியை ஊர் ஊராகக் கொண்டு சேர்த்ததில் அந்தக் கடிதங்களுக்கும் பங்கு உண்டு.

பதிய முப்பது நாள் கெடு 2023 நவம்பரில் 100 கோடிக்காரர்களுக்கு வந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் 10 கோடிக்கும் வந்தது. மார்ச் மாதக் கடைசியில் உட்கார்ந்து ஜனவரித் தேதியில் பில் எழுதும் பழைய பழக்கத்துக்கு அவர்களிடம் இனி இடமில்லை.