சட்டை களைந்த தேவாலயம்

பழைய கோவாவின் பொம் ஜெசு தேவாலயத்துச் செந்நிறச் சுவர்களைக் கண்டு, 'எத்தனை பழமை!' என்று வியக்காதவர் இல்லை. ஆனால் அந்தச் சிவப்பு பழமையின் நிறமன்று.

1594-இல் தொடங்கி 1605-இல் அர்ச்சிக்கப்பட்ட கட்டடம் அது. உள்ளே பரோக் பாணியில் பொன் பூசிய பீடம். நம் முத்துக்குளித்துறையில் பரவரிடையே உழைத்த சவேரியாரின் உடலுக்குப் பிளாரன்ஸ் நகரச் சிற்பி போஜினி செய்த பளிங்குக் கல்லறை 1698-இல் நிறுவப்பட்டது.

வெளிச்சுவர்களோ செம்புரைக்கல். மழையைக் குடிக்கும் கல் அல்லவா? அதனால் கட்டியவர்கள் சுண்ணாம்புக் காரை பூசி வைத்தார்கள். புராதனத் தோற்றம் வேண்டுமென்று 1950-களில் போர்த்துக்கீசிய ஆட்சியில் அதைச் சுரண்டி எடுத்துவிட்டார்கள். அன்றுமுதல் ஒவ்வொரு மழைக்காலமும் கல்லை அரிக்கிறது.

மறுபடி காரை பூசினால் கண்ணுக்குப் பழகிய சிவப்பு போய்விடும். பூசாவிட்டால் சுவரே போய்விடும்.