தோட்டத்திலும் தாமானிலும் ரோந்து: தொடங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

தோட்டத்தில் ஜாகா ஒருவர் இருப்பார். ஆனால், உண்மையான காவல் பக்கத்து வீடுதான். லயத்தில் யார் வந்தார், யார் போனார் என்பது பத்து வீட்டுக்கும் தெரியும். சிரம்பான், போர்ட்டிக்சன், தம்பின் வட்டாரத் தோட்டங்களை விட்டுத் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் வந்த குடும்பங்கள் இழந்தவற்றில் அதுவும் ஒன்று. எதிர்வீட்டுக்காரர் பெயரே தெரியாத இடத்தில் திருடனுக்கு வேலை சுலபம்.

இந்தக் குறையைத் தீர்க்க நாட்டில் இருக்கும் ஏற்பாடுதான் ருக்குன் தெத்தாங்கா. 1975 ஆகஸ்டு 29ஆம் தேதி அன்றைய பிரதமர் துன் அப்துல் ரசாக் அதைத் தொடக்கி வைத்த இடம், கோலாலம்பூரில் உள்ள கம்போங் காசிப்பிள்ளை. பெயரிலேயே நம்மவர் இருக்கும் கம்பம் அது! அப்போது ஆண்கள் இரவுக் காவலுக்கு வருவது கட்டாயம். இப்போது 2012ஆம் ஆண்டு ருக்குன் தெத்தாங்கா சட்டத்தின் (சட்டம் 751) கீழ் தன்னார்வ ரோந்துத் திட்டமாக, அதாவது எஸ்.ஆர்.எஸ். என்ற பெயரில் நடக்கிறது.

முதலில், உங்கள் குடியிருப்பு ஏற்கெனவே ஏதாவது ஒரு ருக்குன் தெத்தாங்கா பகுதிக்குள் வருகிறதா என்று மாவட்ட ஒற்றுமைத் துறை அலுவலகத்தில் கேளுங்கள். வந்தால், அந்தச் செயற்குழு வழியாகவே ரோந்துக்கு விண்ணப்பிக்கலாம். இல்லையென்றால் பகுதியை அமைப்பதிலிருந்து தொடங்க வேண்டும். அருகிலுள்ள போலீஸ் நிலையத்துக்கும் சொல்லிவிடுவது அவசியம்.

பதிவு எதற்கு, நாமே சுற்றி வந்தால் போதாதா என்று சிலர் கேட்பதுண்டு. நள்ளிரவில் கையில் தடியோடு நிற்கும் பத்து இளைஞர்களைப் பார்த்தால் போலீஸ் என்ன நினைக்கும்? நம் பிள்ளைகளைக் குண்டர் கும்பல் என்று எண்ணிவிட எவ்வளவு நேரமாகும்? பெயர்ப் பட்டியலும், அடையாள அட்டையும், ரோந்துச் சட்டையும் அவர்களுக்கே பாதுகாப்பு.

அதைவிட முக்கியம், பிடிபட்டவனை அடிக்கக் கூடாது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, ஜாமீனில் விட முடியாத, வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றத்தைக் கண்ணெதிரே செய்பவரைப் பொதுமக்கள் பிடிக்க அனுமதிக்கிறது. ஆனால், தாமதிக்காமல் போலீசிடம் ஒப்படைத்துவிட வேண்டும். கம்பத்தில் கட்டி வைத்து உதைத்தால், திருடனுக்கு முன்னால் ரோந்துக்காரர் நீதிமன்றத்தில் நிற்க நேரிடும். சந்தேகம் மட்டும்தான் என்றால் வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு போலீசை அழைப்பதே சரி. புது முகம், வெளிநாட்டுத் தொழிலாளி என்பதெல்லாம் சந்தேகத்துக்குக் காரணமாகாது. அவர்களும் அதே லயத்தில்தான் குடியிருக்கிறார்கள்.

இன்னும் தோட்டத்திலேயே இருப்பவர்கள் நிலை வேறு. சாலையும் வீடும் நிர்வாகத்துடையவை; மேனேஜரிடம் பேசாமல் எதையும் தொடங்க முடியாது. அங்கே இரவு ரோந்து மட்டும் போதாது என்பது என் கருத்து. விடியற்காலைப் பெரட்டு முடிந்து ஆட்கள் வேலைக்காட்டுக்குப் போன பிறகுதான் வீடுகள் வெறிச்சோடுகின்றன. அந்த நேரத்தில் லயத்தில் இருப்பவர்கள் வேலை ஓய்வு பெற்றவர்களும் வீட்டுப் பெண்களும்தான். முறைப் பட்டியலில் அவர்களையும் சேர்க்க வேண்டும். நடந்து சுற்ற வேண்டியதில்லை; வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது.

அவசரத்துக்கு 999. அதோடு நிலையத்தின் நேரடி எண்ணையும் எல்லார் கைப்பேசியிலும் பதிந்து வைக்கவும். செம்பனைக்குள் எல்லாப் பாதையும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆகவே, போலீஸ் வண்டி எந்த வாசல் வழியாக வர வேண்டும், அங்கே டார்ச் விளக்கோடு நிற்கப்போவது யார் என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள்.