விரலோடு வந்த சீதனம்

கல்யாண வீட்டில் சீர்வரிசை வைக்கும்போது, பாத்திரம், பண்டம், நகை எல்லாவற்றையும் ஒருவர் எண்ணி நோட்டில் எழுதிக்கொள்வார். பெண்ணின் விரல்களில் இருக்கும் வித்தைக்கு அந்த நோட்டில் இடம் கிடையாது. சர்க்கார் கணக்கும் ஏறக்குறைய அப்படித்தான். 2007-08-ல் தேசிய மாதிரி ஆய்வுக்காரர்கள் விசாரித்தபோது, கிராமப்புறத்தில் ஊர் மாறி வந்த பெண்களில் நூற்றுக்கு 91 பேர் கல்யாணத்தால் வந்தவர்கள் என்று தெரிந்தது. கல்யாணம் என்ற ஒரே சொல்லில் விஷயம் முடிந்துவிடுகிறது. வந்தவளுக்கு என்ன வேலை தெரியும் என்பது அந்தச் சொல்லுக்குள் மறைந்துபோகிறது.

தர்மபுரி ஜில்லாவில் அரூர்ப் பக்கம், கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவே சிட்டிலிங்கி என்றொரு பள்ளத்தாக்கு. அங்கே மலையாளிப் பழங்குடிகளோடு லம்பாடிகளும் இருக்கிறார்கள். வடக்கேயிருந்து பொதிமாடுகளில் உப்பும் தானியமும் ஏற்றிக்கொண்டு தெற்கே இறங்கிய ஜனங்கள். கார்ன்வாலிஸ் திப்பு சுல்தானோடு போரிட்டபோது கும்பினிப் பட்டாளத்துக்குத் தானியம் சுமந்தவை இவர்களுடைய மாடுகள். அந்தப் போர் முடிந்த 1792-ல்தான் தர்மபுரி அடங்கிய பாராமகால் கும்பினியார் கைக்கு வந்தது. பிறகு ரயில் வந்தது; பொதிமாட்டுக்கு வேலை போயிற்று.

ஆண்களின் தொழில் போன கதையைச் சரித்திரக்காரர்கள் எழுதியிருக்கிறார்கள். பெண்களின் கைவேலையைப் பற்றி அவ்வளவு எழுதவில்லை. லம்பாடிகள் ஒரே குலத்துக்குள் பெண் எடுப்பதில்லை. ஆகவே மணப்பெண் பெரும்பாலும் வேறு தாண்டாவிலிருந்துதான் வருவாள். பிறந்த வீட்டை விட்டுப் புறப்படும்போது மாட்டின்மேல் நின்று ஒப்பாரி போலப் பாடி விடைபெறுவது அவர்களுடைய பழைய வழக்கம். அவள் உடுத்திய பாவாடையும் ரவிக்கையும் முக்காடும் தாயும் மகளுமாக மாதக்கணக்கில் தைத்தவை. கண்ணாடித் துண்டும் சோழியும் நாணயமும் பதித்து, எத்தனையோ வகைத் தையல் போட்ட துணி. எழுத்தில்லாத பாஷை பேசுகிறவர்கள். அந்தத் தையலே அவர்களுக்கு எழுத்து என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. ஆனால் அது கதாசிரியன் ஆசை, விட்டுவிடுகிறேன்.

சிட்டிலிங்கிப் பெண்கள் காலப்போக்கில் புடவைக்கு மாறினார்கள். தைக்கத் தெரிந்தும் தைக்க அவசியமில்லை. மழை பொய்த்த வருஷங்களில் திருப்பூருக்கும் கேரளத்துக்கும் கூலி வேலைக்குப் போவதுதான் பிழைப்பாக இருந்தது.

1993-ல் இந்தப் பள்ளத்தாக்குக்கு டாக்டர் ரெஜி ஜார்ஜும் அவர் மனைவி டாக்டர் லலிதாவும் வந்து ஒரு குடிசையில் வைத்தியம் தொடங்கினார்கள். லலிதாவும் கணவரோடு வேற்றூருக்கு வந்த, தொழில் தெரிந்த பெண்தான். ஆனால் அவர் கையில் பட்டம் இருந்தது. அவருக்குத் தெரிந்ததை உலகம் தொழில் என்று ஒப்புக்கொண்டது. தாண்டா மருமகளுக்கு அந்தச் சலுகை இல்லை. இந்த வித்தியாசம் அவர் கண்ணில் பட்டதோ என்னவோ, 2006-ல் பழைய தையலை உயிர்ப்பிக்க அவர் முயன்றார். நன்றாகத் தெரிந்தவர்களாக அப்போது மிஞ்சியிருந்தவர்கள் இரண்டு மூதாட்டிகள். அவர்கள் மருமகள்களுக்கும் பேத்திகளுக்கும் கற்றுக்கொடுத்தார்கள். கூட்டத்துக்குப் 'பொர்கை' என்று பெயர் வைத்தார்கள். லம்பாடி பாஷையில் பெருமை என்று அர்த்தம். பிற்பாடு அறுபதுக்கும் மேற்பட்ட பெண்கள் அதில் சேர்ந்தார்கள்.

கர்நாடகத்துச் சண்டூர் லம்பாடித் தையலுக்கு 2010-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மாட்டின்மேல் ஏறி ஊர் ஊராகப் போன வித்தைக்கு ஓர் ஊரின் முத்திரை! வேடிக்கைதான், ஆனாலும் முத்திரை இல்லாமல் கடைக்காரன் மதிப்பதில்லையே.

அன்று தனக்கென்று தைத்தவள் இன்று நகரத்துச் சீமாட்டியின் தலையணை உறைக்குத் தைக்கிறாள் என்று வருத்தப்படுகிற ரசிகர்கள் உண்டு. கல்யாணப் பாவாடையை அவள் தன் இஷ்டப்படி, தன் வேகத்தில் தைத்தாள் என்பது உண்மை. ஆர்டருக்குத் தைப்பதில் அந்தச் சுதந்திரம் குறைவுதான். ஆனால் அந்தப் பாவாடைக்கு யாரும் ஒரு காசு கொடுத்ததில்லை. இப்போது மாமியார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடியே ஊசி பிடிக்கிறாள். கூலி அவள் கைக்கு வருகிறது. திருப்பூர் பஸ்ஸுக்கு அவள் காத்திருக்க வேண்டியதில்லை.