நரம்பு கிடைக்காத குழந்தையும் பாய்லர் ஆலையும்

குழந்தைக்குக் குளுக்கோஸ் ஏற்றப் போன இடத்தில், "நரம்பு கிடைக்கலையே" என்று நர்ஸ் சொல்லக் கேட்டிருப்பீர்கள். (நரம்பு என்பது பேச்சுவழக்கு, ஊசி போவது சிரைக்குள்.) கொழுகொழு கையில் சிரை கண்ணுக்கும் தெரியாது, விரலுக்கும் அகப்படாது. வாந்தி, பேதியில் உடல் வற்றியிருந்தால் இன்னும் சுருங்கிவிடும். அவசரமும் அப்போதுதான் அதிகம்.

இதற்கு உதவும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனின் பூர்வீகத்தில் ஒரு பாய்லர் ஆலை இருக்கிறது என்றால் நம்புவீர்களா? 1955-இல் கிளாஸ்கோ மகப்பேறு மருத்துவர் இயன் டொனால்ட், அறுவை சிகிச்சையில் எடுத்த கட்டிகளைக் காரில் ஏற்றி, பக்கத்து ஊரான ரென்ஃப்ரூவில் இருந்த பாய்லர் ஆலைக்குக் கொண்டுபோனார். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டும் கூடப் போனது! உலோகத்தில் விரிசல் தேடும் கருவி, நீர்க்கட்டியையும் தசைக்கட்டியையும் பிரித்துக் காட்டியது. 1958-இல் 'லான்செட்' இதழில் அவர் குழுவின் கட்டுரை வந்தது.

சிரைக்கு வர வெகுகாலம் ஆயிற்று. தோலுக்கடியில் சில மில்லிமீட்டர் ஆழத்தில் இருப்பதைத் தெளிவாகக் காட்ட, அதிக அதிர்வெண் கொண்ட சிறிய புரோப் வேண்டும். அதால் லேசாக அழுத்தினால் சிரை தட்டையாகிவிடும். தமனி துடித்துக்கொண்டே இருக்கும். 2002-இல் பிரிட்டனின் 'நைஸ்' அமைப்பு, கழுத்துச் சிரையில் திட்டமிட்டுக் குழாய் செருகும்போது, பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் இந்த முறையையே பரிந்துரைத்தது.

கை, கால் சிரைகளுக்கு இன்றும் பெரும்பாலும் முதலில் விரல்தான். இரண்டு முறை தப்பினால், "ஸ்கேன் வைத்துப் பார்க்கலாமா டாக்டர்?" என்று நீங்கள் தயங்காமல் கேட்கலாம். கருவி இருந்தாலும் பழகிய கை அந்த நேரத்தில் வார்டில் இருக்க வேண்டும், அதுதான் சிக்கல்.