மின்மினியைச் சுமந்த வைரசு



அகதியாக வந்து இறங்கிய புதிதில் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தது எங்களில் பலருக்கு நினைவிருக்கும். படத்தில் நிழல் தெரிந்தால் சளியை வாங்கிக்கொண்டு, கிழமைக்கணக்கில் காத்திருக்கச் சொல்வார்கள். அதுவரை வீட்டில் 'கசம்' என்ற சொல்லை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

ஏன் அவ்வளவு நாட்கள்? 1882இல் ரொபர்ட் கோக் கண்டுபிடித்த காசநோய்க் கிருமி மகா சோம்பேறி. சில பற்றீரியாக்கள் 20 நிமிடத்தில் இரண்டாகும். இதற்கோ ஏறக்குறைய ஒரு நாள் வேண்டும். வளர்த்தெடுக்கவே பல கிழமை. எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்க மேலும் சில கிழமை.

1992இல் நியூயோர்க்கில் 3,800 பேருக்கு மேல் காசநோய் கண்டது. வழமையான மருந்துகளுக்கு அடங்காத கிருமியும் பரவியது. சோதனை முடிவு வருமுன்பே இறந்தவர்கள் உண்டு.

அந்த நகரின் புரொங்ஸ் பகுதியில், அல்பேட் ஐன்ஸ்ரைன் மருத்துவக் கல்லூரியில் வில்லியம் ஜேக்கப்ஸ் குழுவினர் ஒரு வழி கண்டார்கள். பற்றீரியாவையே தாக்கும் வைரசுகள் இருப்பது 1915இலேயே தெரியும். காசநோய்க் கிருமியைத் தாக்கும் அத்தகைய வைரசு ஒன்றினுள் மின்மினிப் பூச்சியின் ஒளிதரும் மரபணுவை வைத்தார்கள். வைரசு புகுந்த கிருமி, உரிய இரசாயனத்தைச் சேர்த்ததும் ஒளிர்ந்தது. மருந்து கொடுத்த பின் ஒளி மங்கினால் மருந்து வேலை செய்கிறது. மங்காவிட்டால் கிருமி அடங்கவில்லை. 1993இல் இது வெளியானது. பின்னர் அந்த ஒளியைப் பொலரோயிட் படச்சுருளில் பதியும் எளிய பெட்டி ஒன்றையும் செய்து, 'புரொங்ஸ் பெட்டி' என்று பெயர் வைத்தார்கள்! விலையுயர்ந்த கருவி வாங்க வசதியில்லாத நாடுகளை நினைத்துச் செய்த வேலை அது.

எங்கள் பக்கத்துக்கும் இதில் பங்குண்டு. காசநோயாளியை வீட்டில் வைத்தே குணப்படுத்தலாம் என்று 1959இல் உலகுக்குக் காட்டிய சென்னை ஆய்வு நிலையம், பிற்காலத்தில் இந்த ஒளிரும் வைரசுகளிலும் உழைத்தது. சென்னை மண்ணில் கிடைத்த ஒரு வைரசுக்கு 'சே12' என்று பெயர்.

ஆனால் மருத்துவமனைகளைப் பிடித்தது வேறொன்று. 2010இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த மரபணுச் சோதனை ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் விடை சொல்கிறது. வைரசு பெரும்பாலும் ஆய்வுகூடத்திலேயே தங்கிவிட்டது. என்றாலும் ஒரு விடயம். மரபணுச் சோதனைக்குச் செத்த கிருமியும் ஒன்றுதான், உயிருள்ள கிருமியும் ஒன்றுதான். மின்மினி வைரசு உயிருள்ள கிருமியில் மட்டுமே ஒளிரும்.