வடக்கு–தெற்குக் காதல் கதை (இலங்கை)

இலங்கையின் வடக்கிலுள்ள தமிழரும் தெற்கிலுள்ள சிங்களவரும் ஒருவரையொருவர் விரும்புவதையும் மணப்பதையும் பிரிவதையும் மையமாகக் கொண்டு எழுந்த நாவல்களும் திரைப்படங்களும் வடக்கு–தெற்குக் காதல் கதைகள் எனப்படும். 1983 ஜூலையில் மூண்டு 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் முடிந்த உள்நாட்டுப் போர்தான் இவ்வகைக்கு இன்றுள்ள உருவத்தைக் கொடுத்தது. ஆனால் வேர் மிகப் பழையது. இக்கதைகளில் பெரும்பாலானவற்றில் மணமகன் தெற்கிலிருந்து வருகிறான், மணமகள் வடக்கிலிருந்து வருகிறாள். போரில் வென்ற தரப்பே மாப்பிள்ளை வீட்டாராகவும் நிற்கிறது. இந்த ஏற்பாட்டை எந்தப் படைப்பு அப்படியே ஏற்றது, எது கேள்வி கேட்டது என்பதுதான் இவ்வகையின் வரலாறு.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக்கு இது கடல் கடந்த சங்கதி மட்டும் அல்ல. பாளையம்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் பகுதியில், குல்லூர்சந்தையிலும் மல்லாங்கிணற்றிலும், போருக்கு அஞ்சிப் படகேறி வந்த இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் இன்று பிள்ளை பெற்றவர்களாகிவிட்டார்கள்.

மதுரைப் பெண்

இத்தீவின் முதல் வடக்கு–தெற்குத் திருமணம் பாண்டிய நாட்டிலிருந்து போனது என்கிறது மகாவம்சம். கி.பி. 5ஆம், 6ஆம் நூற்றாண்டுகளை ஒட்டிப் பாளி மொழியில் தொகுக்கப்பட்ட அந்நூலின்படி, கப்பலில் வந்திறங்கிய விசயன் முதலில் அந்த மண்ணின் இயக்கர் குலப் பெண் குவேனியோடு வாழ்ந்து இரண்டு பிள்ளைகளைப் பெற்றான். முடிசூட அரச குலப் பெண் வேண்டும் என்று ஆனபோது மதுரைக்குத் தூது போயிற்று. பாண்டியன் தன் மகளையும், விசயனின் தோழர்களுக்காக 700 கன்னியரையும், கைவினைஞர் குடிகளையும் அனுப்பிவைத்தான். குவேனி பிள்ளைகளோடு வெளியேற்றப்பட்டாள். தன் இனத்தாரிடம் திரும்பிப் போன அவளை அவர்களே காட்டிக்கொடுத்தவள் என்று கொன்றார்கள்.

இதை வரலாறாகக் கொள்ள முடியாது, மூலக்கதையாகக் கொள்ளலாம். மணமகன் ஆள வந்தவன், மணமகள் கேட்டு வாங்கப்பட்டவள், இந்த மணத்துக்காக இன்னொருத்தி துரத்தப்படுகிறாள். பின்னாளில் எழுதப்பட்ட போர்க்காலக் காதல் கதைகளில் இந்த மூன்றாம் ஆளைத் தேடிப் பார்ப்பது பயன் தரும்.

வரலாறாக உறுதிப்பட்ட சேதி கண்டி அரசில் கிடைக்கிறது. கண்டி மன்னர்கள் மதுரை நாயக்கர் வழிப் பெண்களை மணந்தார்கள். மன்னர் நரேந்திரசிங்கனுக்குப் பட்டத்துக்கு உரிய மகன் இல்லாததால் 1739இல் அரசியின் தம்பியே ஸ்ரீ விஜய ராஜசிங்கன் என்ற பெயரில் அரியணை ஏறினார். அந்த வழியில் வந்த கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1815இல் ஆங்கிலேயரால் பிடிக்கப்பட்டு வேலூரில் சிறைவைக்கப்பட்டு 1832இல் இறந்தார். வேலூர் முத்து மண்டபம் அவருடைய நினைவிடம்.

சிங்களத் திரைப்படமும் மதுரையோடு பிறந்ததுதான். முதல் சிங்களப் பேசும்படமான 'கடவுணு பொறொந்துவ' 1947இல் வெளிவந்தது. அதைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்ற தமிழர். படம் எடுக்கப்பட்ட சித்ரகலா மூவிடோன் இருந்தது மதுரையில். அருப்புக்கோட்டையிலிருந்து அது ஐம்பது கிலோமீட்டர் அளவுதான். ஒரு நாட்டின் சினிமா இப்படித் தொடங்கியும் அடுத்த தலைமுறையில் இரு மொழிக்காரரும் ஒரே திரையில் காதலிப்பது அரிதாகிப்போனது துயரம்.

சட்டமும் கணவன் பக்கம்

யாழ்ப்பாணத் தமிழருக்குத் தேசவழமை என்ற தனிச் சட்டம் உண்டு. சீதனம், தேடிய தேட்டம் (மணவாழ்வில் சேர்த்த சொத்து), முதுசம் (பரம்பரைச் சொத்து) ஆகியவற்றை அது வகைப்படுத்துகிறது. கலப்பு மணத்தில் யார் எந்தச் சட்டத்துக்கு உட்படுவார் என்பதை 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் தீர்த்துவைத்தது. தேசவழமைக்கு உட்பட்ட பெண் அதற்கு உட்படாத ஆணை மணந்தால், அந்த மணம் நீடிக்கும்வரை தேசவழமை அவளைக் கட்டாது. வெளியிலிருந்து வந்த பெண் யாழ்ப்பாணத்தானை மணந்தால் மணம் நீடிக்கும்வரை அவள் அதற்குள் வந்துவிடுவாள். இரண்டு வழியிலும் சட்டம் கணவனின் பின்னால்தான் போகிறது. காதல் கதைகளில் பெண் தன் ஊரை விட்டு வருவதும் ஆண் இருந்த இடத்திலேயே இருப்பதும் தற்செயல் அல்ல.

கலவரங்களின் நிழலில்

1956இல் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய 'சிங்களம் மட்டும்' சட்டம் வந்தது. 1958, 1977, 1983 ஆண்டுகளில் தமிழர்மீது பெரும் வன்முறை நடந்தது. ஒவ்வொரு கலவரமும் கலப்புக் குடும்பங்களை நடுவில் பிளந்தது. சுனில் ஆரியரத்ன 1979இல் எடுத்த 'சருங்கலே' படத்தில் சிங்களத் திரையின் பெரும் நட்சத்திரமான காமினி பொன்சேகா நடராஜா என்னும் தமிழ் எழுத்தராக நடித்தார். அதற்கு இரண்டாண்டு முன்பு தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாணத்தில் தமிழிலேயே 'பொன்மணி'யை எடுத்திருந்தார். அதில் காதலுக்குக் குறுக்கே நிற்பது இனம் அல்ல, தமிழருக்குள்ளே இருக்கும் சாதி. தமிழர் அல்லாத ஒருவர் அதைப் படமாக்கியதால் அதன் உண்மை குறைந்துவிடவில்லை.

ஷியாம் செல்வதுரையின் 'ஃபன்னி பாய்' (1994) ஆங்கில நாவல். அதில் ராதா என்ற தமிழ்ப் பெண்ணும் அனில் என்ற சிங்கள இளைஞனும் பழகுகிறார்கள். இரு வீட்டாரும் எதிர்க்கிறார்கள். ரயில் பயணத்தில் ராதா தாக்கப்பட்ட பிறகு காதல் தானாகவே வற்றிப்போகிறது. அவளைக் காதலித்தவன் அடிக்கவில்லை. ஆனாலும் அவன் இனத்தான் அடித்தான். அந்த வேறுபாட்டை உடம்பு ஏற்க மறுப்பதைச் செல்வதுரை மிகை இல்லாமல் எழுதியிருக்கிறார்.

ராஜினியும் தயாபாலவும்

நாவல்கள் தேடிய கதை ஒன்று நிஜ வாழ்விலேயே நடந்தது. 1954இல் பிறந்த ராஜினி ராஜசிங்கம் யாழ்ப்பாணத்துக் கிறித்தவக் குடும்பத்துப் பெண்; கொழும்பில் மருத்துவம் படித்தவர். அங்கே இடதுசாரி மாணவர் தலைவரான தயாபால திரணகமவைச் சந்தித்தார். அவர் எளிய சிங்களக் கிராமத்துக் குடும்பத்திலிருந்து வந்தவர். 1977இல் மணந்தார்கள், இரண்டு மகள்கள் பிறந்தார்கள். இது வென்றவனும் தோற்றவளும் மணந்த கதை அல்ல. தயாபால தன் அரசாலேயே தேடப்பட்டவர். பல காலம் தலைமறைவாக இருந்தார்.

ராஜினி யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் கற்பித்தார். மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். 'முறிந்த பனை' நூலின் ஆசிரியர்களில் ஒருவர். இலங்கைப் படை, இந்திய அமைதிப்படை, தமிழ் இயக்கங்கள் என எல்லாத் தரப்பின் கொடுமைகளையும் அந்நூல் பதிவு செய்தது. குறிப்பாகப் பெண்களுக்கு நேர்ந்ததை. 1989 செப்டம்பர் 21 அன்று பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 35. விடுதலைப் புலிகளே கொன்றதாகக் குடும்பத்தாரும் தோழர்களும் சொல்கிறார்கள், புலிகள் மறுத்தார்கள். எலேன் க்ளோடாவ்ஸ்கி இயக்கிய 'நோ மோர் டியர்ஸ் சிஸ்டர்' (2005) ஆவணப்படம் இந்த வாழ்க்கையைச் சொல்கிறது. இவ்வகைக் கற்பனைக் கதைகளை மதிப்பிட இந்த இருவரின் வாழ்வே நல்ல உரைகல். இருவருக்கும் அரசியல் இருந்தது, இருவருமே பேசினார்கள், ராஜினி யாருடைய மீட்புக்கும் காத்திருக்கவில்லை.

காட்டுவழி

நிஹால் டி சில்வாவின் ஆங்கில நாவல் 'தி ரோட் ஃப்ரம் எலிஃபன்ட் பாஸ்' 2003ஆம் ஆண்டுக்கான கிரேஷியன் பரிசு பெற்றது. இராணுவ கேப்டன் வசந்த ரத்நாயக்க, தகவல் தர முன்வந்த புலிகள் இயக்கப் பெண் கமலா வேலைத்தனை ஆனையிறவுப் பக்கமிருந்து கொழும்புக்கு அழைத்து வரவேண்டும். திட்டம் குலைந்து இருவரும் வில்பத்துக் காட்டின் வழியே நடக்கிறார்கள். ஒருவரையொருவர் வெறுத்துக்கொண்டே தண்ணீரும் இரையும் தேடுகிறார்கள். இருவருக்கும் பறவைகளைக் கவனிக்கும் பழக்கம் இருப்பது தெரியவரும்போது முதல்முறையாகச் சண்டையில்லாமல் பேச ஒரு பொருள் கிடைக்கிறது. யார் தொடங்கினார், யார் அதிகம் கொன்றார் என்ற வாதம் பக்கம் பக்கமாக ஓடுகிறது. இருவர் வாயிலும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் கதையைச் சொல்லும் குரல் கேப்டனுடையது. கமலாவை நாம் அவன் கண் வழியாகத்தான் பார்க்கிறோம்.

2006 மே மாதம் நிஹால் டி சில்வா அதே வில்பத்துக் காட்டில் கண்ணிவெடியில் சிக்கி இறந்தார். சந்திரன் இரத்தினம் இந்நாவலை 'அலிமங்கட' என்ற பெயரில் சிங்களத்தில் படமாக்கினார்.

அடகுக் கடை

போர் முடிந்தபின் வந்த படைப்புகளில் மிக முக்கியமானது பிரசன்ன விதானகேயின் 'ஒப நெத்துவ ஒப எக்க' (2012), அதாவது நீ இன்றி, உன்னோடு. தஸ்தயேவ்ஸ்கி 1876இல் எழுதிய குறுங்கதை ஒன்றின் தழுவல். அதையே ராபர்ட் ப்ரெஸ்ஸோன் 1969இல் பிரெஞ்சிலும், மணி கௌல் பின்னர் 'நஸர்' என்று இந்தியிலும் எடுத்திருந்தார்கள். விதானகே அதை மலையகத்துச் சிறு நகரம் ஒன்றில் வைத்தார். சரத்சிறி அங்கே அடகுக் கடை நடத்துகிறவன். பேச்சு குறைவு, இரவானால் தொலைக்காட்சியில் மல்யுத்தம் பார்ப்பான். செல்வி வடக்கிலிருந்து உயிர் தப்பி அங்கே அனுப்பப்பட்ட பெண். நகையை அடகு வைக்க வந்து வந்து போகிறாள். மணக்கிறார்கள். அவளுக்குத் தமிழ்ப் படங்கள் என்றால் உயிர். இந்தியா போய்ப் பார்க்க ஆசை.

அப்புறம் சரத்சிறியின் பழைய நண்பன் ஒருவன் வந்து தங்குகிறான். அவன் வழியாகத்தான் கணவன் முன்னாள் சிப்பாய் என்பது செல்விக்குத் தெரிகிறது. அவளுடைய தம்பிமாரைக் கொன்றது இராணுவம். அதற்குமேல் வீட்டில் அன்பு இருந்தும் வாழ்க்கை இல்லை. அடகுக் கடை என்ற களம் இந்தக் கதைக்கு எவ்வளவு பொருந்துகிறது என்பது நம் பக்கத்தாருக்குச் சொல்லாமலே விளங்கும். கஷ்டகாலத்தில் தாலிக்கொடியும் தோடும் கைமாறும் இடம் அது. எடைபோட்டு விலை சொல்கிறவன் ஒருபுறம், பேரம் பேச வழியில்லாதவள் மறுபுறம். மணத்துக்குப் பிறகும் அந்தக் கணக்கு மாறவில்லை என்று படம் காட்டுகிறது. வென்றவன் மாப்பிள்ளையாகும் பழைய ஏற்பாட்டை உள்ளிருந்தே உடைத்த படம் இது. செல்வியாக நடித்த மராத்தி நடிகை அஞ்சலி பாட்டீல் 2012இல் கோவா சர்வதேசத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகைக்கான வெள்ளி மயில் விருது பெற்றார்.

இப்படம் 2014 ஜூனில் இந்தியாவில் வெளியானபோது எதிர்ப்பு கிளம்பியதால் சென்னைத் திரையரங்குகளில் காட்சிகள் நிறுத்தப்பட்டன. சில மாதங்கள் முன்புதான் ஈழப் போர் பற்றிய சந்தோஷ் சிவனின் 'இனம்' தமிழகத் திரையரங்குகளிலிருந்து எடுக்கப்பட்டிருந்தது. முள்ளிவாய்க்காலின் காயம் ஆறாத ஆண்டுகள் அவை. கோபத்துக்குக் காரணம் இருந்தது. ஆனால் இந்தப் படத்தின்மீது அது பாய்ந்தது பெரும் பிழை. விதானகேயின் முந்தைய படமான 'புரஹந்த களுவர'வை 2000இல் இலங்கை அரசே தடுத்தது. உச்ச நீதிமன்றம் சென்று அடுத்த ஆண்டுதான் அவர் தடையை நீக்கவைத்தார். 2014 எதிர்ப்புக்குப் பிறகு சென்னையில் நடந்த 'ஒப நெத்துவ ஒப எக்க' சிறப்புக் காட்சியில் அவரே வந்து கடுமையான கேள்விகளுக்குப் பதில் சொன்னார்.

அதே 2012இல் அசோக ஹந்தகம 'இனி அவன்' படத்தைத் தமிழில் எடுத்தார். புனர்வாழ்வு முடிந்து யாழ்ப்பாணத்துக் கிராமத்துக்குத் திரும்பும் முன்னாள் போராளியின் கதை. இது வடக்கு–தெற்குக் காதல் அல்ல, ஆனால் அதன் எதிர்ப்பக்கம். தோற்ற ஆணுக்குக் காதலி காத்திருக்கவில்லை. ஊரும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. அப்பாத்திரத்தில் நடித்த தர்ஷன் தர்மராஜ் 2022இல் மறைந்தார்.

தலைகீழ் மணம்

நயோமி முனவீரவின் 'ஐலண்ட் ஆஃப் எ தௌசண்ட் மிரர்ஸ்' (2012) ஏற்பாட்டைத் திருப்பிப் போட்டது. அதில் சிங்களக் குடும்பத்துப் பெண் பிள்ளைகளும் மாடியில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பத்துச் சிவாவும் ஒன்றாய் வளர்கிறார்கள். இங்கே ஆண் தமிழன். துப்பாக்கி ஏந்துவது வேறொரு தமிழ்ப் பெண். காமன்வெல்த் புத்தகப் பரிசின் ஆசிய வட்டாரப் பரிசு 2013இல் இதற்குக் கிடைத்தது. பெண் எழுதியதால்தான் இந்தத் திருப்பம் வந்தது என்பது என் எண்ணம்.

அமெரிக்காவிலும் 1865இல் உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு, வென்ற வடக்கே மாப்பிள்ளையாகும் அந்தப் பழைய ஏற்பாடுதான். ஜான் டி ஃபாரெஸ்ட்டின் 1867 நாவலில் நியூ ஆர்லியன்ஸ் பெண் லில்லி ராவனெல் கடைசியில் வடபடை அதிகாரியை மணக்கிறாள். 1915இல் வந்த 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' படத்தில் வடக்கு, தெற்குக் குடும்பங்களின் பிள்ளைகள் இரட்டை மணம் செய்துகொள்கிறார்கள். அந்த மகிழ்ச்சிக்கு விலை, விடுதலை பெற்ற கறுப்பின மக்களை வில்லன்களாகக் காட்டியது. இலங்கைக் கதைகளிலும் அப்படி விடுபட்டவர்கள் உண்டு. 1990 அக்டோபரில் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்களுக்கு இந்தக் காதல் கதைகளில் இடமே இல்லை. குவேனி இன்னும் வெளியே நிற்கிறாள்.

முகாமும் ஊரும்

அருப்புக்கோட்டைப் பக்கம் வேறொரு வடக்கு–தெற்கு மணம் நடக்கிறது. ஈழத்தின் வடக்கிலிருந்து வந்த முகாம்காரரும் தமிழகத்தின் தென்மாவட்டத்துக்காரரும் மணப்பது. மொழி ஒன்று, சாமி ஒன்று, சாப்பாடும் ஏறத்தாழ ஒன்று. ஆனால் முகாமில் பதிவு, கணக்கெடுப்பு நாளில் ஆள் நேரில் நிற்கவேண்டிய கட்டாயம், வெளியூர் போக அனுமதி என்று மணமக்களில் ஒருவருக்கு வேறு வாழ்க்கை. 2021இல் தமிழக அரசு இவற்றுக்கு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றி வீடுகளும் கட்டத் தொடங்கியது.

குடியுரிமை அதோடு சேர்ந்து வரவில்லை. இந்தியக் குடியுரிமைச் சட்டப்படி 1987 ஜூலை 1க்கு முன் இங்கே பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியர். அதற்குப் பின் 2004 டிசம்பர் 3க்கு முன் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தால் போதும். அதன்பின் பிறந்தவருக்கு, பெற்றோரில் ஒருவர் இந்தியர் என்றால் மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக்கூடாது. கடவுச்சீட்டு இல்லாமல் படகில் வந்த அகதியைச் சட்டம் அப்படித்தான் வகைப்படுத்தி வந்திருக்கிறது. 2019 திருத்தம் இலங்கைத் தமிழரைச் சேர்க்கவில்லை. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு வழங்க 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அவர் பிறந்த தேதி அவரைக் காத்தது. ஊர்ப் பெண்ணுக்கும் முகாம் பையனுக்கும் 2005க்குப் பிறகு பிறந்த பிள்ளைக்கு அந்தத் தேதியும் கைகொடுக்காது. தாய் வாக்களிப்பாள், பிள்ளை பதினெட்டு வயதானாலும் வாக்காளர் பட்டியலுக்கு வெளியே நிற்கும் நிலை இன்னும் தீரவில்லை.